ஹாக்விண்ட் கச்சேரியைப் பார்த்ததாக என் வீட்டு ஓனர் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம்?

உங்கள் கேள்வி நீளமாக இருப்பதால், எனக்குப் புரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் லிவர்பூலில் படிக்கிறீர்கள். எழுபதைத் தாண்டிய உங்கள் வீட்டு ஓனர் ஒரு நாள் ஹாக்விண்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பழைய இரட்டை இசைத்தட்டை எடுத்துக் காட்டி, தன் வாலிபக் கதையை ஆரம்பித்திருக்கிறார். அந்த லைவ் ஆல்பம் பதிவான இரவில் லிவர்பூல் ஸ்டேடியத்தில் இருந்தாராம். குழுவின் பேஸ் கித்தார்காரர் லெம்மி 'சில்வர் மெஷின்' என்ற பாட்டைப் பாடியதை அங்கேதான் கேட்டாராம். அந்த வருஷம் கோடையில் டிவியில் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' நிகழ்ச்சியில் அவர்கள் வாசித்ததையும் பார்த்தாராம். மேடையிலிருந்து வந்த ஏதோ ஒரு சத்தத்தில் கூட்டத்தில் சிலர் வாந்தி எடுத்தார்களாம். கடைசியாக, லெம்மி போனதோடு குழு முடிந்துவிட்டது என்றாராம். நீங்கள் தேடிப் பார்த்தபோது பாதி பொருந்துகிறது, பாதி பொருந்தவில்லை. "மனுஷர் அளக்கிறாரா?" என்று கேட்கிறீர்கள். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆன ஒரு கச்சேரி நினைவை எப்படி எடுத்துக்கொள்வது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன்.

நான் மேற்கு லண்டனில் வாய்மொழி வரலாறு பதிவு செய்கிற வேலையில் பல வருஷமாக இருக்கிறேன். நாட்டிங் ஹில், லாட்புரோக் குரோவ் பக்கத்துப் பெரியவர்களிடம் வாடகை வீடு, கலவரம், கார்னிவல் என்று எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும், ஒரு கட்டத்தில் யாராவது ஒருவர் ஹாக்விண்டுக்கு வந்து நிற்பார். அது அவர்கள் தெருவில் முளைத்த குழு. நான் அந்தக் காலத்தில் பிறக்கவே இல்லை, ஆகவே என் சொந்த நினைவு எதுவும் இதில் கிடையாது. கேட்ட கதைகளும், அவற்றைப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பழக்கமும்தான் என் கையிருப்பு. அதை வைத்துச் சொல்கிறேன், உங்கள் ஓனர் அளக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது ஒரே இரவின் கதையும் இல்லை.

குழுவைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். தெருவில் பாடிக் காசு சேர்த்துக்கொண்டிருந்த டேவ் பிராக், சாக்ஸபோனோடு நிக் டர்னர், மின்னணு ஒலிகளோடு டிக் மிக் ஆகியோர் சேர்ந்து 1969இல் தொடங்கியது. அந்த ஆகஸ்டில் நாட்டிங் ஹில்லின் ஆல் செயின்ட்ஸ் ஹாலில் முதல் முறை மேடை ஏறியபோது அவர்களுக்குப் பெயர்கூட இல்லை, 'குரூப் எக்ஸ்' என்று சொல்லிக்கொண்டார்கள். பிபிசி வானொலியின் ஜான் பீல் அன்று கேட்டுவிட்டு, இவர்களை விட்டுவிடாதே என்று நிகழ்ச்சி ஏற்பாட்டாளரிடம் சொன்னது பிரபலமான கதை. 1970இல் முதல் ஆல்பம். ஒரே ஒரு கித்தார் அடியைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம் விடாமல் ஓட்டுவார்கள். அதன் மேல் விண்கலம் புறப்படுவது போன்ற சீழ்க்கையும் உறுமலும் ஏறி இறங்கும். தனி ஆவர்த்தனம் வாசித்துக் கைதட்டு வாங்கும் வழக்கம் அங்கே குறைவு. 1971இல் பேஸ் வாசிக்க வந்த லெம்மி அதற்கு முன் ரிதம் கித்தார்காரர். ஆகவே பேஸையும் அதே மாதிரி, தந்திகளைச் சேர்த்து அடித்து வாசித்தார். அந்தக் குழுவின் அடிவயிற்றுச் சத்தம் அதிலிருந்து வந்தது.

இன்னொரு விஷயமும் இங்கே முக்கியம். இவர்கள் இலவசமாக ஏகப்பட்ட இடங்களில் வாசித்தார்கள். வெஸ்ட்வே மேம்பாலத்துக்கு அடியில், பெரிய விழாக்களின் வேலிக்கு வெளியே. டிக்கெட் இல்லாத கச்சேரிக்கு அடிக்கட்டை இருக்காது, போஸ்டர் இருக்காது, பத்திரிகையில் ஒரு வரிகூட வந்திருக்காது. மற்ற குழுக்களின் ரசிகர்கள் தேதியைச் சரிபார்த்துக்கொள்ள ஒரு துண்டுக் காகிதமாவது வைத்திருப்பார்கள். இவர்களுக்கு அதுவும் இல்லை. வாசித்தவர்களும் அடிக்கடி மாறிக்கொண்டே இருந்தார்கள். மங்கலான வெளிச்சம், பாதிப் பேர் போதையில். இப்படி ஒரு குழுவைப் பற்றி வருஷம், மாதம், யார் வாசித்தது என்று துல்லியமாக ஒருவர் ஒப்பித்தால் நான் கொஞ்சம் சந்தேகப்படுவேன். புத்தகத்தில் படித்ததைச் சொல்கிறார் என்று அர்த்தம்.

இப்போது 'சில்வர் மெஷின்' விஷயத்துக்கு வருவோம். உங்கள் குழப்பத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. அந்தப் பாட்டு 1972 பிப்ரவரி 13 அன்று லண்டன் ரவுண்ட்ஹவுஸில் 'கிரீஸி டிரக்கர்ஸ் பார்ட்டி' என்ற நிதி திரட்டும் நிகழ்ச்சியில் நேரடியாகப் பதிவானது. அன்று மேடையில் அதைப் பாடியவர் லெம்மி இல்லை, பாட்டின் வரிகளை எழுதிய ராபர்ட் கால்வர்ட். பதிவைத் திரும்பக் கேட்டபோது இசை நன்றாக இருந்தது, குரல் எடுபடவில்லை. பிறகு ஸ்டூடியோவில் மற்றவர்களும் பாடிப் பார்த்து, கடைசியில் லெம்மியின் குரலை அதன்மேல் ஏற்றினார்கள். அப்படி ஒட்டி வெளிவந்த சிங்கிள்தான் அந்தக் கோடையில் பிரிட்டிஷ் தரவரிசையில் 3ஆம் இடம் வரை போனது. ஆகவே "ரவுண்ட்ஹவுஸில் அன்று லெம்மி பாடியதை என் காதால் கேட்டேன்" என்று யார் சொன்னாலும், அவர் கேட்டது பின்னால் வாங்கிய தட்டை என்று தைரியமாகச் சொல்லலாம். இப்படிச் சொல்பவர்களை நானே சந்தித்திருக்கிறேன். அவர்களில் சிலர் உண்மையிலேயே அன்று அந்த அரங்கில் இருந்தவர்கள். இருந்தது நிஜம், குரல் மட்டும் மாறிவிட்டது. தட்டில் கேட்கும் மேளமும் கித்தாரும் அவர்கள் இருந்த இரவுடையவை, அதனால் குரலும் அந்த இரவுடையது என்று காது முடிவு கட்டிவிடுகிறது.

டிவி கதையும் இதே மாதிரிதான். 'டாப் ஆஃப் த பாப்ஸ்' ஸ்டூடியோவுக்குப் போய், தட்டு ஓட அதற்கு வாயசைப்பதில் குழுவுக்கு விருப்பமில்லை. அதனால் 1972 ஜூலையில் டன்ஸ்டபிள் நகரின் சிவிக் ஹாலில் அவர்கள் வாசித்ததைப் படம் எடுத்து, அதன்மேல் சிங்கிளின் ஒலியைப் போட்டு ஒளிபரப்பினார்கள். பிரிட்டனில் பல வீடுகளில் ஹாக்விண்டை முதன்முதலாகப் பார்த்தது அந்தத் துண்டுப் படத்தில்தான். இப்போது இணையத்தில் சுலபமாகக் கிடைக்கிறது, பாருங்கள். படம் டன்ஸ்டபிள். இசை ரவுண்ட்ஹவுஸ். குரல் ஸ்டூடியோ. மூன்று இடங்களை ஒட்டிய சில நிமிஷம் அது. டிவியில் அவர்கள் வாசித்ததைப் பார்த்தேன் என்று உங்கள் ஓனர் சொன்னது ஒரு விதத்தில் சரி, டிவியில் பார்த்தார். அந்த மேடை டிவி ஸ்டூடியோ மேடை இல்லை, அவ்வளவுதான். பதினேழு பதினெட்டு வயசுப் பையனுக்கு அந்த வித்தியாசம் ஏன் தெரியப்போகிறது?

லிவர்பூலுக்கு வருகிறேன். சிங்கிளில் வந்த பணத்தைக் கொண்டு 1972 குளிர்காலத்தில் 'ஸ்பேஸ் ரிச்சுவல்' என்ற சுற்றுப்பயணத்தை நடத்தினார்கள். விண்வெளியில் உறைதூக்கத்தில் இருக்கும் பயணிகள் காணும் கனவுகளைச் சுற்றி கால்வர்ட் பின்னிய கற்பனை அது. பாட்டுகளுக்கு நடுவே கவிதை வாசிப்பு, பார்னி பபிள்ஸ் வடிவமைத்த மேடை, லிக்விட் லென் என்ற பெயரில் இயங்கிய ஜொனாதன் ஸ்மீட்டனின் விளக்குகள், நடனம். டிசம்பர் 22 அன்று லிவர்பூல் ஸ்டேடியத்திலும், டிசம்பர் 30 அன்று லண்டன் பிரிக்ஸ்டனில் இருந்த சன்டவுன் அரங்கிலும் நடந்ததைப் பதிவு செய்து, 1973 மே மாதம் உங்கள் ஓனர் காட்டிய அந்த இரட்டைத் தட்டாக வெளியிட்டார்கள். அந்த ஸ்டேடியம் குத்துச்சண்டைக்காகக் கட்டிய கூடம். ரோஜர் ஈகிள் என்பவர் அந்த வருஷங்களில் அங்கே ராக் நிகழ்ச்சிகள் நடத்தி வந்தார். 1987இல் இடித்துவிட்டார்கள், நீங்கள் போய்ப் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. பிரிக்ஸ்டன் அரங்கு இன்னும் இருக்கிறது, பெயர் மட்டும் அகாடமி ஆகிவிட்டது.

ஆகவே ஓனர் அங்கே இருந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. உள்ளூர்க்காரர், சரியான வயது, சரியான அரங்கு. ஆனால் "இது என் இரவு" என்று தட்டைத் தடவிச் சொல்வது பாதிதான் பொருந்தும். எட்டு நாள் இடைவெளியில் நடந்த இரண்டு இரவுகளின் பதிவிலிருந்து எடுத்து, சிலவற்றை நீளத்துக்காக வெட்டி, இடைவெளி தெரியாமல் ஒரே ஓட்டமாக ஆக்கிய ஆல்பம் அது. கண்ணை மூடிக் கேட்டால் ஒரே கூடம், ஒரே கூட்டம், ஒரே மூச்சு என்றுதான் தோன்றும். அதற்காகவே அப்படிச் செய்தார்கள். இன்னொன்றைக் கவனியுங்கள். 'சில்வர் மெஷின்' அந்த 1973 தட்டில் இல்லவே இல்லை, அந்த ஹிட் பாட்டை வெளியே விட்டுவிட்டார்கள். தட்டில் இல்லாததாலேயே அன்று மேடையிலும் பாடவில்லை என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் ஓனர் அந்தப் பாட்டின் நினைவுக்கு இந்தத் தட்டைச் சாட்சிக்கு அழைத்தால், தட்டு வாய் திறக்காது.

எனக்கு இந்தக் குழுவில் பிடித்த விஷயமே இதுதான். ரசிகனின் மனசு பல இரவுகளைச் சேர்த்து ஒன்றாகத் தைத்துவிடுகிறது என்று நாம் குறை சொல்கிறோம். நாம் ஆதாரமாக எடுத்து நீட்டும் சிங்கிளும், டிவி படமும், லைவ் ஆல்பமும் அதே தையல் வேலைதான் செய்திருக்கின்றன. அந்தத் தையலை ஐம்பது வருஷமாகத் திரும்பத் திரும்பக் கேட்டு வளர்ந்த நினைவு எப்படி இருக்கும்? ஒரு தடவை பார்த்த கச்சேரி ஒரு தடவைதான் காதில் விழுந்தது. தட்டோ நூற்றுக்கணக்கான தடவை ஓடியிருக்கும். எது எங்கிருந்து மனசுக்குள் வந்தது என்ற முகவரிச்சீட்டு முதலில் அழியும், உள்ளடக்கம் பிறகும் தங்கும். நினைவு ஆய்வாளர்கள் இதைப் பல விதமாகச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள், இதில் பெரிய தகராறு கிடையாது. பதின்ம வயதின் பிற்பாதியிலிருந்து இருபதுகளின் நடுப்பகுதி வரை நடந்தவை முதுமையில் அதிகமாக நினைவுக்கு வரும் என்பதும் நன்றாக நிறுவப்பட்ட விஷயம். உங்கள் ஓனருக்கு 1972 அப்படிப்பட்ட வருஷம். நினைவுகள் கொட்டும், ஆனால் தேதி போட்டுக்கொண்டு வராது.

எங்கள் துறையில் எல்லோரும் படிக்கும் ஓர் உதாரணத்தைச் சொல்கிறேன். இத்தாலியில் டெர்னி என்ற இரும்பாலை ஊர். 1949இல் நேட்டோ எதிர்ப்பு ஊர்வலத்தின்போது லூயிஜி டிராஸ்டுல்லி என்ற இளம் தொழிலாளியைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. பிற்காலத்தில் அலெஸாண்ட்ரோ போர்தெல்லி என்ற ஆய்வாளர் போய்க் கேட்டபோது, தொழிலாளர்கள் பலர் அந்தச் சாவை 1953இல் ஆட்குறைப்புக்கு எதிராக நடந்த தெருச் சண்டைகளோடு சேர்த்துச் சொன்னார்கள். தோழர் ஒருவர் செத்தும் உடனே எதுவும் செய்ய முடியாமல் போன அவமானத்தை ஊர் தாங்கவில்லை, சாவை ஒரு பெரிய போராட்டத்துக்குள் நகர்த்தி வைத்துக்கொண்டது என்று போர்தெல்லி வாசித்தார். தவறான தேதி அவருக்குக் குப்பையாகத் தெரியவில்லை, அந்த ஊரின் மனசைக் காட்டும் தகவலாகத் தெரிந்தது. கச்சேரியும் சாவும் ஒன்றல்ல, தெரியும். ஆனாலும் ரசிகர்கள் எல்லாவற்றையும் எங்கே கொண்டுபோய் வைக்கிறார்கள் என்று பாருங்கள். லெம்மி, மேடையில் ஆடிய ஸ்டேசியா, 'சில்வர் மெஷின்', பெரிய விளக்குகள் எல்லாம் ஒரே இரவில் வந்து சேரும். தாங்கள் பார்த்ததைப் பின்னால் உலகம் எதற்காகப் போற்றியதோ, அந்த உச்சத்தில் தங்களை நிறுத்திக்கொள்கிறார்கள்.

வாந்தி விவகாரத்துக்கு வருகிறேன், இதை விளக்க எனக்கு ஆசை. டிக் மிக் மேடையில் ஒரு சின்ன மேசை முன்னால் உட்கார்ந்து வாசித்தது இசைக்கருவியே இல்லை. எலக்ட்ரானிக் பட்டறைகளில் பெருக்கிகளைச் சோதிக்க வைத்திருக்கும் ஆடியோ ஜெனரேட்டர் அது. ஒரு பெரிய டயல் இருக்கும், அதைத் திருப்பினால் ஆழமான உறுமலில் தொடங்கி காதைக் கிழிக்கும் கீச்சு வரை ஒரே வழுக்கலில் ஏறும். கீபோர்டு கிடையாது, சுரம் கிடையாது. அந்த ஒலியை டேப் எக்கோ பெட்டிக்குள் விட்டால் அது தன் பின்னாலேயே தன்னைத் துரத்தும். டெல் டெட்மார் வைத்திருந்த விசிஎஸ்3 சின்தசைசரும் இதற்குத் துணை. மனிதக் காதுக்கு எட்டாத ஆழத்துக்கு டிக் மிக் அந்த டயலை இறக்கிக் கூட்டத்தின் வயிற்றைக் கலக்கினார் என்பதுதான் கதை. குழுவில் இருந்தவர்களே பிற்காலத்தில் இந்த மாதிரிக் கதைகளை ரசித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

டயலை அந்த அளவுக்கு இறக்கலாம், அதில் சிக்கல் இல்லை. ஒலிபெருக்கியில் சிக்கல். 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியைப் பெரிய கூடம் நிறைய பலமாகத் தள்ள, 1972இல் சுற்றுப்பயணக் குழுக்களிடம் இருந்த பெட்டிகளால் முடியாது. 40, 50 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே அவை பலம் இழந்துவிடும். ஆகவே கேளா ஒலியால் வாந்தி என்பதை நான் ஏற்கமாட்டேன். ஆனால் யாரும் வாந்தி எடுக்கவில்லை, யாரும் விழவில்லை என்றும் சொல்லமாட்டேன். நெரிசல், புழுக்கம், மணிக்கணக்கில் நிற்பது, பியர், அதற்கு மேலும் சிலது. போதாததற்கு ஸ்ட்ரோப் விளக்குகள். விநாடிக்கு 3 முதல் 30 தடவை வரை வெட்டி வெட்டி அடிக்கும் வெளிச்சம் சிலருக்கு வலிப்பைத் தூண்டும். வலிப்பு நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில் இந்த ஒளி உணர்வு உண்டு. கூட்டத்தில் ஒருவர் தடாலென்று விழுவதைப் பக்கத்தில் நின்ற பத்துப் பேர் பார்த்திருப்பார்கள். ஏன் விழுந்தார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அப்போது மேடையில் எது வினோதமாக ஒலித்ததோ, அதுதான் காரணம் என்று ஆகிவிடும்.

இதில் எனக்கு ஒரு ஊகம் உண்டு. ஊகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுற்றுப்பயணத்திலும் ஆல்பத்திலும் அறிவியல் புனைகதை எழுத்தாளர் மைக்கேல் மூர்காக் எழுதிய ஓர் உரைப் பகுதி உண்டு. ஒலியையே ஆயுதமாக்கி எதிரி தாக்கினால் மக்கள் என்ன செய்யவேண்டும் என்று அரசாங்க எச்சரிக்கை அறிவிப்பின் தொனியில் கால்வர்ட் அதை வாசிப்பார். இருட்டில், பின்னணியில் டிக் மிக்கின் உறுமலோடு அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போன பையன், பின்னாளில் "அவர்கள் ஒலியால் எங்களைத் தாக்கினார்கள்" என்று சொன்னால் எனக்கு ஆச்சரியம் வராது. மேடையில் சொன்ன கற்பனை, உடம்பில் பட்ட அதிர்வு, பக்கத்தில் விழுந்த ஆள் மூன்றும் சேர்ந்தால் ஒரு முழுக் கதை கிடைத்துவிடும்.

தேதியிலும் காரணத்திலும் தடுமாறும் இதே ஆட்கள், உடம்பு பட்டதைச் சொல்லும்போது அசைக்கமுடியாதபடி ஒத்துப்போகிறார்கள். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், வேறு வேறு ஊர்க்காரர்கள். பேஸ் சத்தம் காதுக்கு முன் நெஞ்சுக்கூட்டில் வந்து விழுந்ததையும், மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பேசியது பஞ்சுக்குள்ளிருந்து கேட்டதையும், காதில் விடாத ரீங்காரத்தையும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். பெருஞ்சத்தத்துக்குப் பிறகு செவித்திறன் தற்காலிகமாக மந்தமாவது தெரிந்த விஷயம், ஆகவே இதைச் சந்தேகிக்கக் காரணமே இல்லை. விளக்குகளைப் பற்றியும் அப்படித்தான். இரண்டு கண்ணாடி வில்லைகளுக்கு நடுவே எண்ணெயும் சாயமும் வைத்து புரொஜெக்டரில் செருகினால், விளக்கின் சூட்டில் அவை கொப்பளித்து, பிரிந்து, சேர்ந்து, சுவர் முழுக்க ஊறும். பல புரொஜெக்டர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடிக்கும்போது வாசிப்பவர்களின் முகமே தெரியாது. யார் அன்று டிரம்ஸ் வாசித்தது என்று நான் கேட்டபோது ஒரு பாட்டி, "முகத்தை யார் பார்த்தது, சுவர் அல்லவா நகர்ந்துகொண்டிருந்தது" என்றார். நான் கேட்ட சாட்சியங்களில் அதை மேலான ஒன்றாக வைத்திருக்கிறேன். அவர்களுக்குப் பெயர்கள் நினைவில்லாததற்கு மறதி மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது, அந்த மேடை நட்சத்திரங்களைக் காட்டுவதற்காக அமைத்த மேடையே இல்லை.

விதிவிலக்கு ஸ்டேசியா. ஆறடி உயரம், உடம்பெல்லாம் சாயம் பூசி, பல நேரம் ஆடையில்லாமல் ஆடியவர். அவரை மறந்த ஆண் ரசிகரை நான் இதுவரை சந்திக்கவில்லை. அந்தப் பயணத்தில் வேறு நடனக்காரர்களும் இருந்தார்கள், அவர்களை நினைவில் வைத்திருப்பவரைத்தான் தேடவேண்டியிருக்கிறது. பெண்கள் ஸ்டேசியாவைப் பற்றிச் சொல்லும் தொனி வேறு. அந்த உடம்பை மறைக்காமல், யாருக்கும் பணியாமல் நின்றார் என்பார்கள். ஒரே மேடை, இரண்டு நினைவு.

நம்ப முடியாததுபோல் இருப்பதெல்லாம் பொய் என்று நினைத்துவிடவும் கூடாது. 1970 ஆகஸ்டில் ஐல் ஆஃப் வைட் தீவில் நடந்த பெருவிழாவின்போது ஹாக்விண்ட் வெளியே, காற்றடைத்த கூடாரம் ஒன்றில் இலவசமாக வாசித்தார்கள். நிக் டர்னர் முகத்தில் வெள்ளிச் சாயம் பூசிக்கொண்டு திரிந்தார். உள்ளே பெரிய மேடையில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அவரைக் குறிப்பிட்டு ஒரு பாட்டைச் சமர்ப்பித்தார் என்று ரசிகர்கள் சொல்வார்கள். கேட்டால் சுத்த அளப்பு மாதிரி இருக்கும். ஆனால் அந்த நிகழ்ச்சியின் பதிவில் வெள்ளி முகத்துக்காரர் ஒருவரை ஹெண்ட்ரிக்ஸ் குறிப்பிடுவது கேட்கிறது. அது டர்னர்தான் என்பது ரசிகர்கள் சேர்த்தது, பொருத்தமாகத்தான் சேர்த்திருக்கிறார்கள். மூன்று வாரத்தில் ஹெண்ட்ரிக்ஸ் இறந்துவிட்டதால் அந்த ஒரு வரிக்குக் கூடுதல் கனம் வந்துவிட்டது.

ஓனரின் கடைசிக் கூற்றில்தான் எனக்கு உடன்பாடே இல்லை. 1975 மே மாதம் அமெரிக்காவிலிருந்து கனடாவுக்குள் நுழையும்போது லெம்மியை எல்லையில் பிடித்தார்கள். கொக்கெய்ன் என்று வழக்கு, இருந்ததோ ஆம்ஃபெட்டமின் என்ற வேறு போதை மருந்து. விடுதலையாகி வந்து டொரன்டோவில் வாசித்த கையோடு குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவர் போய் மோட்டர்ஹெட் ஆரம்பித்தார், அந்தப் பெயர்கூட ஹாக்விண்டுக்காக எழுதிய பாட்டின் தலைப்பு. ஆனால் ஹாக்விண்ட் நிற்கவில்லை. 1977இல் கால்வர்ட் முன்னணியில் இருந்து போட்ட ஆல்பத்தை இதுவரை கேட்டதில்லை என்றால் கேளுங்கள், என் கணக்கில் அது இசைக்காக 'ஸ்பேஸ் ரிச்சுவல்'லுக்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. ஸ்டோன்ஹெஞ்சில் 1974 முதல் 1984 வரை வருஷாவருஷம் நடந்த இலவச விழாவோடு இந்தக் குழுவின் பெயர் ஒட்டிக்கொண்டது. 1984இல் அங்கே வாசித்தார்கள். அடுத்த வருஷம் ஜூன் 1 அன்று விழாவுக்குப் போன வண்டிகளைப் போலீஸ் மறித்து அடித்து நொறுக்கியதோடு விழாவே முடிந்தது. எண்பதுகளின் ரசிகர்களைக் கேட்டால், அவர்களுக்கு ஹாக்விண்ட் என்றால் ஸ்டோன்ஹெஞ்சின் விடியல்தான், லெம்மி அவர்களுக்குப் பழங்கதை. டேவ் பிராக் 1941இல் பிறந்தவர், 2025இலும் புது ஆல்பம் வெளிவந்தது.

இங்கே இன்னொரு எச்சரிக்கையும் தேவை. குழுவின் பெயர் யாருக்குச் சொந்தம் என்று பிராக்கும் டர்னரும் நீதிமன்றம் வரை போனார்கள். டர்னர் 2022இல் காலமாகிவிட்டார், ரசிகர்களின் கட்சிப் பிரிவினை இன்னும் காலமாகவில்லை. பிராக் கட்சிக்காரர் சொல்லும் 1972இல் கித்தார்தான் எல்லாம். டர்னர் கட்சிக்காரரின் 1972இல் சாக்ஸபோனும் இலவசக் கச்சேரியும்தான் எல்லாம். உங்கள் ஓனர் லெம்மி கட்சி என்று தெரிகிறது. யார் என்ன நினைவு வைத்திருக்கிறார்கள் என்பதோடு, எந்தக் கட்சியில் நின்று சொல்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்வது எங்கள் வழக்கம்.

அவரிடம் மறுபடி பேசப் போகிறீர்கள் என்றால், வருஷத்தையும் பாட்டு வரிசையையும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் அவர் மனசுக்குள் தட்டு உறையைத்தான் படித்துப் பார்ப்பார். யாரோடு போனார், உள்ளே நுழைய எவ்வளவு கொடுத்தார், எந்தப் பக்கம் நின்றார், குளிர்கால ராத்திரியில் எப்படி வீடு திரும்பினார், அம்மா என்ன சொன்னார் என்று கேளுங்கள். தட்டில் இல்லாத விஷயங்கள்தான் அவர் சொந்தமாகக் கொண்டுவந்தவை. பேசும்போது ஆல்பத்தைப் பின்னணியில் ஓடவிடாதீர்கள், எல்லாம் கலந்துவிடும். டன்ஸ்டபிள் படத்தைக் கடைசியில் காட்டுங்கள். தப்பு என்று திருத்துவதற்காக இல்லை, அதைப் பார்த்ததும் அவருக்கு வேறு ஏதாவது நினைவு வரலாம் என்பதற்காக. அவர் சம்மதித்தால் போனிலேயே பதிவு செய்து, தேதியும் இடமும் சொல்லி ஆரம்பியுங்கள். இடித்துப்போட்ட அந்த ஸ்டேடியத்தைப் பற்றிய பேச்சு லிவர்பூலின் உள்ளூர் ஆவணக் காப்பகத்துக்குப் பயன்படலாம், ஒரு பிரதி வேண்டுமா என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.